சுவரைத் தாண்டும் கேபிளுக்குப் பூட்டு: வன்பொருள் குறியாக்கத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு. வாசலில் எடைமேடை, அதை ஒட்டி ஒரு சின்ன அறை. லாரி ஏறி நின்றதும் எடை அந்த அறைக் கணினியில் பதிவாகி, 600 மீட்டர் தள்ளி இருக்கும் அலுவலகத்துக்குப் போய்விடும். நிரப்பிய கன்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் சரிபார்த்த மொத்த எடையைக் கொடுத்தால்தான் கப்பலில் ஏற்றலாம் என்பது 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க இருக்கும் விதி. கப்பலில் எந்தப் பெட்டி கீழே, எந்தப் பெட்டி மேலே என்று முடிவு செய்வதே அந்த எண்ணை வைத்துத்தான்.

அந்த எண் போகும் ஃபைபர் கேபிளோடு ஒருநாள் நடந்து பார்த்தேன். அறையை விட்டு வெளியே வந்தது, காம்பவுண்டு சுவரைத் தாண்டியது, சாலையோர ஈபி கம்பத்தில் ஏறியது. கேபிள் டிவி ஒயர்களோடு ஒரே கட்டாக நான்கு கம்பம் போய், அப்புறம் மறுபடி சுவர் ஏறி உள்ளே வந்தது. மூன்றாவது கம்பத்தில் ஒரு கறுப்பு டப்பா. அதன் மூடியில் பூட்டு இல்லை, ஒரு கட்டுக்கம்பிதான் சுற்றியிருந்தது. மேலே வேலை செய்துகொண்டிருந்தவரிடம், "அண்ணே, இதுல யார்டு லைன் எது?" என்று கேட்டேன். "எல்லாம் ஒரே கறுப்புதான் தம்பி, பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார்.

பிரித்துப் பார்க்க யாராலும் முடியும் என்பதுதான் என் கவலை. மண்ணடியில் கடை ஒரு தெருவில், கிடங்கு அடுத்த தெருவில். வண்ணாரப்பேட்டையில் ஸ்கேன் சென்டர் சாலைக்கு இந்தப் பக்கம், ரிப்போர்ட் எழுதும் டாக்டரின் அறை அந்தப் பக்கம். ராயபுரத்தில் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம் மூன்றாவது மாடியில், சர்வர் பக்கத்துக் கட்டடத்தில். நடுவில் அடுத்தவர் மொட்டை மாடி, அடுத்தவர் கம்பம், அடுத்தவர் டப்பா. இந்த இடங்களில் ஃபயர்வாலுக்குச் செலவு செய்தவர்கள் நிறைய பேர். சுவரைத் தாண்டும் அந்த ஒரு கேபிளைப் பற்றி யோசித்தவர்கள் மிகக் குறைவு. இந்த வழிகாட்டி அந்தக் கேபிளுக்காக. அதில் ஓடும் தரவைச் சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி கருவியிலேயே மாற்றி அனுப்புவதுதான் வன்பொருள் குறியாக்கம். அதைத்தான் இங்கே பூட்டு என்கிறேன்.

கேபிளில் கைவைப்பது எவ்வளவு சுலபம்

ஃபைபரில் ஒளிதானே போகிறது, அதை எப்படி ஒட்டுக்கேட்பது என்று பலரும் நினைக்கிறார்கள். கண்ணாடி இழையைக் கொஞ்சம் இறுக்கமாக வளைத்தால் போதும், வளைவில் ஒளி கசியும். இழைகளை ஒட்டி இணைக்கும் ஸ்ப்ளைசிங் வேலை செய்பவர்கள் லைனில் டிராஃபிக் இருக்கிறதா என்று பார்க்க, இழையை அறுக்காமலே மேலே கவ்வ வைக்கும் ஒரு கருவியைத் தினமும் பயன்படுத்துகிறார்கள். அது வேலை செய்வது இந்தக் கசிவை வைத்துத்தான். அதே கசிவைப் பிடித்து ஒரு நல்ல ரிசீவரில் கொடுத்தால் தரவு கிடைத்துவிடும். நூற்றில் ஒரு பங்கு ஒளியை எடுத்தால் லைனில் குறைவது 0.04 டெசிபெல்தான். அது யார் கண்ணிலும் படாது.

காப்பரில் கதை வேறு. பழைய 100 எம்பி லைனில், அதாவது பெரும்பாலான கண்காணிப்பு கேமராக்கள் ஓடும் லைனில், போவதற்கு ஒரு ஜோடி, வருவதற்கு ஒரு ஜோடி. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுவிடலாம். ஜிகாபிட்டில் நான்கு ஜோடியிலும் ஒரே நேரத்தில் இரண்டு திசையும் ஓடுவதால், ஒயரைத் தொட்டுக் கேட்பது மிகக் கடினம். ஆனால் கேபிளை வெட்டி நடுவில் இரண்டு போர்ட் உள்ள ஒரு சின்னப் பெட்டியை வைத்துவிட்டால் எல்லாமே அதன் வழியாகத்தான் போகும். லைன் சில நொடி விட்டு வந்தது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. கூகுள், யாஹூ ஆகியவற்றின் டேட்டா சென்டர்களுக்கு நடுவே போன ஃபைபர் லைன்களை அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகள் ஒட்டுக்கேட்டதை 2013 அக்டோபரில் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. சொந்த லைன்தானே என்று உள்ளே ஓடிய தரவு பூட்டப்படாமல் இருந்தது. அதன் பிறகுதான் டேட்டா சென்டர்களுக்கு இடையிலான லைன்களைப் பூட்டும் வேலை எல்லா இடத்திலும் வேகம் பிடித்தது.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கேயே தீர்த்துவிடலாம். கணினிகளைக் கேபிளில் இணைக்கும் ஈதர்நெட் முறையில், தரவைச் சிக்னலாக மாற்றும் பிசிக்கல் லேயர் அதைக் கலைத்துத்தான் அனுப்புகிறது, அதனால் அதுவே ஒரு குறியாக்கம் என்று சிலர் சொல்கிறார்கள். அது ஸ்க்ராம்பளர். தொடர்ந்து பூஜ்யமோ ஒன்றோ வந்து சிக்னல் தேங்காமல் இருக்கத்தான் அந்தக் கலைப்பு. அதன் சூத்திரம் தரநிலையில் அச்சாகியிருக்கிறது, எதிர்முனையில் எந்தச் சிப்பும் அதைப் பிரித்துவிடும். சாவி இல்லாத பூட்டு பூட்டே இல்லை.

படி 1: கேபிளோடு நடங்கள்

கருவி வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கேபிளைக் கண்ணால் தொடர்ந்து போய் ஒரு தாளில் வரையுங்கள். எத்தனை கம்பம், எத்தனை ஜாயின்ட் டப்பா, எந்த மாடி, எந்த இடத்தில் கை எட்டும் உயரம், எல்லாம் குறியுங்கள். நடுவில் மீடியா கன்வர்ட்டரோ (காப்பரையும் ஃபைபரையும் இணைக்கும் பெட்டி) சின்ன ஸ்விட்ச்சோ இருந்தால் அதன் மாடல் எண்ணையும் எழுதுங்கள். அது பின்னால் ரொம்ப முக்கியம்.

அதே நாளில் ஸ்ப்ளைசிங் செய்பவரை வரவழைத்து ஓடிடிஆர் எடுத்து வையுங்கள். இழைக்குள் ஒளியை அனுப்பி, எந்த இடத்தில் எவ்வளவு இழப்பு என்று வரைந்து காட்டும் கருவி அது. 1310, 1550 நானோமீட்டர் இரண்டிலும் எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் எடுத்துவிட்டுக் கிளம்பத்தான் பார்ப்பார்கள், விடாதீர்கள். வளைவில் 1550 அதிகமாகக் கசியும், 1310 குறைவாகக் கசியும். ஒரே இடத்தில் 1550-ல் இழப்பு அதிகம், 1310-ல் குறைவு என்றால் அங்கே இழை வளைந்திருக்கிறது. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே இழப்பு என்றால் ஸ்ப்ளைஸ் சரியில்லை அல்லது கனெக்டர் அழுக்கு. 600 மீட்டர் இழையில் ஒளி இழப்பு 1310-ல் சுமார் 0.2 டெசிபெல்தான் இருக்கும். அதற்கு மேல் இருப்பதற்கெல்லாம் ஒரு காரணம் உண்டு, அது எது என்று கேளுங்கள். இந்த வரைபடம்தான் உங்கள் லைனின் முதல் ஜாதகம். நாளைக்குச் சந்தேகம் வந்தால் இதோடுதான் ஒப்பிட வேண்டும்.

எங்கள் பக்கம் உப்புக் காற்று. காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத்தில் டப்பாவின் ஸ்க்ரூ ஒரு வருடத்தில் துருப்பிடித்துவிடும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். ஜாயின்ட் நனைந்து இழப்பு கூடியதா, யாரோ கை வைத்ததால் கூடியதா என்று பிரித்துச் சொல்ல முதல் வரைபடம் இல்லாமல் வழியே கிடையாது.

படி 2: எந்த அடுக்கில் பூட்டுவது

நெட்வொர்க்கை அடுக்குகளாகப் பிரித்துப் பேசுவார்கள். முதல் அடுக்கு கேபிளும் சிக்னலும், இரண்டாம் அடுக்கு ஃபிரேம் எனப்படும் தரவுப் பொட்டலம், அதற்கும் மேலே மென்பொருள். பூட்ட மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, மேலே, மென்பொருளில். இணையதளங்களின் டிஎல்எஸ், விபிஎன் எல்லாம் இதில் அடங்கும். இது நல்லதுதான், இருக்க வேண்டும். ஆனால் நம் லைனில் ஓடுவதெல்லாம் இணையதளம் இல்லை. எடைமேடையின் இண்டிகேட்டர், ஆலை இயந்திரங்களை இயக்கும் பிஎல்சி கருவிகள் பேசும் மோட்பஸ், ஸ்கேன் இயந்திரம் படங்களை அனுப்பும் டைகாம் முறை, கேமராவின் வீடியோ, பிரின்ட்டர், இவையெல்லாம் பெரும்பாலும் திறந்த எழுத்தில்தான் பேசுகின்றன. அந்தக் கருவிகளுக்குள் போய்ப் பூட்டு மாட்ட நம்மால் முடியாது.

இரண்டாவது, மேக்செக். தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் ஐஇஇஇ அமைப்பின் 802.1ஏஈ தரநிலை, 2006-ல் வந்தது. ஏட்டுக் கணக்கில் இது இரண்டாம் அடுக்கு. நடைமுறையில், கேபிள் செருகும் போர்ட்டுக்கு நேர் பின்னால் இருக்கும் பிசிக்கல் லேயர் சிப்புக்குள்ளேயே பல நிறுவனங்கள் இதைச் செதுக்கிவிட்டன. ஈதர்நெட் ஃபிரேம் கேபிளுக்குள் இறங்கும் கடைசிக் கணத்தில் பூட்டப்படுகிறது, மறுமுனையில் ஏறிய முதல் கணத்தில் திறக்கப்படுகிறது. எடைமேடைக்கோ கேமராவுக்கோ ஒன்றும் தெரியாது. ஏஇஎஸ்-ஜிசிஎம் என்னும் குறியாக்க முறை என்பதால் இரண்டு வேலை ஒன்றாக நடக்கிறது. உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது, வழியில் ஒரு பிட் மாற்றினாலும் மறுமுனை அந்த ஃபிரேமைத் தூக்கி எறிந்துவிடும். எடைச் சீட்டுக்கு ரகசியத்தை விட இந்த இரண்டாவது வேலைதான் பெரிது.

மூன்றாவது, உண்மையிலேயே முதல் அடுக்கில் பூட்டுவது. ஓடிஎன் என்னும் ஒளிவழிக் கடத்தல் கருவிகளில் இது வரும். ஈதர்நெட் தலைப்பு உட்பட எல்லாமே உள்ளே மறைந்துவிடும், யார் யாரோடு பேசுகிறார்கள் என்றுகூடத் தெரியாது. தரவுக்குக் கூடுதல் சுமையும் இல்லை. வங்கிகளின் டேட்டா சென்டர்கள், துறைமுகங்கள் அளவுக்கு 100 ஜிகாபிட் ஓடும் இடங்களுக்கு இது பொருந்தும். ஒரு யார்டுக்கோ ஸ்கேன் சென்டருக்கோ தேவையில்லாத செலவு. இனிமேல் நான் சொல்லப்போவதெல்லாம் மேக்செக் பற்றித்தான்.

அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். அனுப்பும் கருவி, பெறும் கருவி இரண்டின் மேக் முகவரிகளும், அதாவது நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் எண்களும், வெளியே தெரியும். எப்போது எவ்வளவு தரவு போகிறது என்பதும் தெரியும். பூட்டு ஒரு கேபிளுக்குத்தான். ஸ்விட்ச்சுக்குள் வந்த பிறகு எல்லாம் திறந்தே இருக்கும். ஆகவே ஸ்விட்ச் இருக்கும் ராக் கதவுக்கு ஒரு நிஜப் பூட்டு போடுங்கள்.

படி 3: வாங்கும்போது கேட்க வேண்டியவை

"மேக்செக் இருக்கிறது" என்று விற்பனையாளர் சொன்னால் எந்தப் போர்ட்டில் என்று கேளுங்கள். ஒரே ஸ்விட்ச்சில் 24 சாதாரண போர்ட்டில் இல்லாமல் அடுத்த ஸ்விட்ச்சோடு இணைக்கும் 4 அப்லிங்க் போர்ட்டில் மட்டும் இருக்கலாம். அடுத்து, தனி லைசென்ஸ் வேண்டுமா என்று கேளுங்கள். பல மாடல்களில் சிப் உள்ளே இருக்கும், லைசென்ஸ் வாங்கும் வரை தூங்கும். மூன்றாவது, 128 பிட் மட்டுமா, 256 உண்டா. 256 தரநிலைக்குள் வந்தது 2011-ல், அதனால் அதற்கு முந்திய சரக்கில் இருக்காது.

பத்து ஜிகாபிட்டும் அதற்கு மேலும் என்றால் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அது திரும்ப வரக் கூடாது, அதற்குள் சாவியை மாற்றியாக வேண்டும். பழைய முறையில் அந்த எண் 32 பிட். பத்து ஜிகாபிட்டில் மிகச் சிறிய ஃபிரேம்கள் முழு வேகத்தில் ஓடினால் ஐந்து நிமிடத்துக்குள் எண் தீர்ந்துவிடும், 100 ஜிகாபிட்டில் அரை நிமிடம்கூடத் தாங்காது. 2013-ல் இதை 64 பிட்டாக நீட்டினார்கள். எக்ஸ்பிஎன் என்று கேட்டால் விவரம் தெரிந்தவருக்குப் புரியும். ஒரு ஜிகாபிட் லைனுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

இப்போது மீடியா கன்வர்ட்டர். யார்டில் என் இரண்டு நாளைத் தின்றது இதுதான். இரண்டு முனையும் சாவி பற்றிப் பேசிக்கொள்ளும் செய்திகள் ஒரு சிறப்பு முகவரிக்குப் போகின்றன. சாதாரண ஸ்விட்ச் எதுவும் அந்த முகவரியைத் தாண்டி விடக் கூடாது என்பது விதி. மலிவான மீடியா கன்வர்ட்டர் பலவற்றின் உள்ளே இருப்பது ஒரு இரண்டு போர்ட் ஸ்விட்ச் சிப்தான். அது அந்தச் செய்தியை விழுங்கிவிடும். லிங்க் விளக்கு பச்சையாக எரியும், பூட்டு மட்டும் விழாது. விழுங்காமல் கடத்திவிட்டாலும் இன்னொரு சிக்கல் உண்டு. மேக்செக் ஒவ்வொரு ஃபிரேமிலும் 32 பைட் வரை சேர்ப்பதால், 1518 பைட் ஃபிரேம் 1550 ஆகிறது, நெட்வொர்க்கைப் பிரிக்கும் விலான் குறி இருந்தால் 1554. பழைய கன்வர்ட்டர் அதை வெட்டிவிடும். பிங் என்னும் சின்னச் சோதனைச் செய்தி போகும், பெரிய கோப்பு தொங்கும். என் கருத்து, கன்வர்ட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்விட்ச்சிலேயே எஸ்எஃப்பி (ஃபைபரை இணைக்கும் சின்ன ஒளி மாட்யூல்) செருகி ஃபைபரை நேராகக் கொடுங்கள். நடுவில் எவ்வளவு குறைவான பெட்டியோ அவ்வளவு நல்லது.

தொலைத்தொடர்பு கம்பெனியிடமிருந்து வாடகைக்கு எடுத்த லைன் என்றாலும் இதே கதைதான். அவர்களின் ஸ்விட்ச் சாவிச் செய்தியை விழுங்கும். அந்தச் செய்தியின் முகவரியை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள கருவியைத்தான் அங்கே வாங்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு முன்பே சோதனைக்கு ஒருநாள் கேளுங்கள்.

கையில் பணம் குறைவு என்றால் லினக்ஸ் போட்ட இரண்டு சின்னக் கணினிகளை இரு முனையிலும் வைக்கலாம். 2016-ல் வந்த 4.6 கெர்னலிலிருந்து மேக்செக் உள்ளேயே இருக்கிறது. சில நெட்வொர்க் கார்டுகளில் வேலையைச் சிப்பிடமே ஒப்படைக்கலாம். ஒரு எச்சரிக்கை. கையால் இடைமுகம் உருவாக்கும்போது குறியாக்கம் அணைந்த நிலையில்தான் தொடங்கும், மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் வேலை மட்டும் நடக்கும். குறியாக்கத்தை நாமே இயக்க வேண்டும்.

படி 4: சாவி

சிப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சாவி கெட்டால் எல்லாம் கெட்டது. மேக்செக்கில் நீங்கள் உருவாக்குவது மூலச் சாவி ஒன்றும், அதற்கு ஒரு பெயரும். 128 பிட்டுக்கு 32 பதினாறடிமான இலக்கம் (0 முதல் 9, A முதல் F), 256-க்கு 64 இலக்கம். கடைப் பெயர், போன் நம்பர், ஒன்று இரண்டு மூன்று என்று வரிசை, இவை எதுவும் கூடாது. இணையத்தோடு இணையாத ஒரு லினக்ஸ் கணினியில் ரேண்டமாக உருவாக்குங்கள். மூலச் சாவி கேபிளில் ஒருபோதும் போகாது. அதிலிருந்து இரு முனையும் வேறு சாவிகளைக் கணக்கிட்டு, அவற்றைக் கொண்டு ஒரு தற்காலிகச் சாவியைப் பரிமாறிக்கொள்ளும். தரவைப் பூட்டுவது அந்தத் தற்காலிகச் சாவிதான்.

இதில் ஒரு நன்மை இருக்கிறது. முன்கூட்டியே கொடுத்த மூலச் சாவியோடு ஓடும் மேக்செக் முழுக்க ஏஇஎஸ் கணக்கில்தான் நிற்கிறது. நாளைய குவாண்டம் கணினி உடைத்துவிடும் என்று அஞ்சப்படும் ஆர்எஸ்ஏ போன்ற குறியாக்க முறைகள் இதில் இல்லை. இன்று பதிவு செய்து வைத்து பத்து வருடம் கழித்துத் திறக்கலாம் என்று யாராவது நினைத்தால், 256 பிட் அவர்களுக்கு வழி விடாது.

சாவியை வாட்ஸாப்பில் அனுப்பாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிக்காது. ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, முதலாளியின் பீரோவில் வையுங்கள். நான் இரண்டு முனைக்கும் நேரில் போய் என் கையால் தட்டச்சு செய்வேன். 64 இலக்கம், நான்கு நான்காகப் பிரித்து எழுதினால் தப்பு வராது.

சாவியை வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். வேலையை விட்டுப் போனவருக்குச் சாவி தெரிந்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். நல்ல ஸ்விட்ச்சில் இரண்டு சாவிகளை நாள் நேரம் குறித்துக் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வைக்கலாம், லைன் விடாமல் மாறிக்கொள்ளும். அதற்கு இரண்டு முனையிலும் கடிகாரம் ஒன்றாக இருக்க வேண்டும், கடிகாரங்களை நெட்வொர்க் வழியாக ஒத்திசைக்கும் என்டிபி முதலில் சரியாக இருக்கட்டும்.

படி 5: முதலில் மேசையில், அப்புறம் கம்பத்தில்

இரண்டு ஸ்விட்ச்சையும் ஒரே மேசையில் வைத்து ஒரு மீட்டர் பேட்ச் கார்டால் இணையுங்கள். எல்லாவற்றையும் இங்கேயே அமைத்து, லிங்க் பூட்டியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஒன்றை எடுத்துக்கொண்டு மறுமுனைக்குப் போங்கள். மேசையில் வேலை செய்தது களத்தில் வேலை செய்யாவிட்டால் தப்பு கேபிளிலோ நடுப் பெட்டியிலோதான் என்று உடனே தெரிந்துவிடும்.

களத்தில் மாற்றும்போது தூரத்து முனைக்குப் போக வேறொரு வழி இருக்கட்டும். செல்போன் ஹாட்ஸ்பாட் கூடப் போதும். தூரத்து முனையை முதலில் மாற்றுங்கள், பக்கத்து முனையைக் கடைசியில். துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கம் லாரி வரிசை நிற்கும் நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள். யார்டு லைன் பத்து நிமிடம் நின்றால் வெளியே சாலை நின்றுவிடும்.

வேகம் குறையுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரிய ஃபிரேம்களில் கூடுதல் சுமை 2 சதவீதம்தான், கண்ணுக்குத் தெரியாது. மிகச் சிறிய ஃபிரேம்கள் மட்டுமே லைன் நிறைய ஓடினால் கொள்ளளவு முக்கால்வாசிக்கும் கீழே போகும். எடைமேடையின் செய்திகள் சிறியவைதான், ஆனால் அவை லைனை நிரப்புவதே இல்லை. ஆயிரக்கணக்கில் குரல் அழைப்பு ஓடும் லைன் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பூட்டிய பிறகு, துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் பிங் ஒன்று அடியுங்கள். அது போய் வந்தால் அளவுப் பிரச்சினை இல்லை.

படி 6: பூட்டு விழாவிட்டால் என்ன செய்ய வேண்டும்

அமைப்பில் ஒரு வரி இருக்கும். பூட்ட முடிந்தால் பூட்டு, முடியாவிட்டால் திறந்தே அனுப்பு என்பது ஷுட் செக்யூர். பூட்ட முடியாவிட்டால் எதையும் அனுப்பாதே என்பது மஸ்ட் செக்யூர். சோதனைக்கு முதலாவது வசதி. அதை அப்படியே விட்டுவிட்டுப் போவதுதான் ஆபத்து.

வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு நான் போட்ட லைனில் இதைத்தான் செய்தேன். சோதனைக்காக ஷுட் செக்யூர் வைத்தேன், பூட்டு விழுந்தது, பில் கொடுத்துவிட்டு வந்தேன். மழைக்காலத்தில் ஒருநாள் மின்சாரம் எகிறி ஒரு முனை ஸ்விட்ச் போய்விட்டது. அங்கே வேலை செய்யும் பையன் வேறு ஸ்விட்ச்சை மாட்டி, பழைய பேக்கப்பிலிருந்து அமைப்பை ஏற்றினான். அந்தப் பேக்கப் சாவி போடுவதற்கு முந்தியது. லைன் உடனே வந்துவிட்டது, விளக்குப் பச்சை, படங்கள் போகின்றன, எல்லோருக்கும் நிம்மதி.

நான்கு மாதம் கழித்து வேறு வேலையாகப் போனவன், கையில் ஒளியை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் இருக்கிறதே என்று லைனில் வைத்துப் பார்த்தேன். லேப்டாப் திரையில் டைகாம் தலைப்பு வரிவரியாக ஓடியது. ஒரு பெண்ணின் பெயர், பெயருக்கும் தகப்பனார் பெயருக்கும் நடுவே அந்த முறை போடும் கூரை வடிவக் குறி, பிறந்த தேதி, கீழே எந்த உறுப்பின் படம் என்ற சொல். எதுவும் உடைக்கவில்லை, எதுவும் தேடவில்லை, தானாக வந்து நின்றது. அவர் அந்தத் தெருவிலேயே குடியிருப்பவராக இருக்கலாம். தன் உடம்பைப் பற்றிய செய்தி தெருக் கம்பத்தில் திறந்து கிடந்தது அவருக்குத் தெரியாது. தப்பு அந்தப் பையனுடையது இல்லை, என்னுடையது. அன்றே உரிமையாளரிடம் உள்ளதைச் சொல்லி, இரண்டு முனையிலும் மஸ்ட் செக்யூர் போட்டேன். 2023-ல் வந்த தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு எடுக்காமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. எனக்கு அந்தத் தொகையை விட அந்தப் பெயர்தான் மனதில் நிற்கிறது.

லைன் நின்றால் திட்டு வாங்குவோம். திறந்து ஓடினால் யாருக்குமே தெரியாது. மஸ்ட் செக்யூர் போடுங்கள், சாவி சேர்ந்த புதிய பேக்கப்பை அன்றே எடுத்து அதையும் பூட்டி வையுங்கள், பழைய பேக்கப்பை அழியுங்கள்.

படி 7: கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்

பச்சை விளக்கு சாட்சி ஆகாது என்று பட்டுத் தெரிந்துகொண்டதால் இந்தப் படியை நான் எங்கும் விடுவதில்லை. ஆனால் எங்கே பார்ப்பது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்விட்ச்சின் மிரர் போர்ட்டில், அதாவது வேறொரு போர்ட்டின் தரவை நகலெடுத்துக் காட்டும் போர்ட்டில், பார்த்தால், பூட்டு விழுந்திருந்தாலும் எல்லாம் திறந்தே தெரியலாம். பூட்டுவது போர்ட்டின் கடைசிச் சிப், நகல் எடுக்கப்படுவது அதற்கு முந்திய இடத்தில். அதைப் பார்த்து மேக்செக் வேலை செய்யவில்லை என்று பதறியவர்கள் உண்டு.

பார்க்க வேண்டியது கேபிளில். 50-க்கு 50 பிரிக்கும் ஒரு சின்ன ஆப்டிகல் ஸ்ப்ளிட்டரை இழையின் நடுவே வைத்து, ஒரு கிளையை மறுமுனைக்கும் இன்னொன்றை எஸ்எஃப்பி உள்ள கார்டு போட்ட கணினிக்கும் கொடுங்கள். சுமார் மூன்றரை டெசிபெல் இழப்பு வரும், 600 மீட்டர் லைன் அதைத் தாங்கும். ஒரு இழையில் ஒரு திசைதான் தெரியும், இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டு திசையும் ஒரே இழையில் ஓடும் எஸ்எஃப்பி என்றால் இந்தச் சோதனையை மேசையிலேயே, அந்த அலைநீளங்களுக்கு ஏற்ற ஸ்ப்ளிட்டரோடு செய்துகொள்ளுங்கள்.

லைனில் ஓடும் ஃபிரேம்களைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் ஃபிரேம் வகை 88ஈ5 என்று வரிசையாக வர வேண்டும், அதுதான் மேக்செக். இரண்டு நொடிக்கு ஒன்றாக 888ஈ வரும், அது சாவிப் பேச்சு. உள்ளே எழுத்து எதுவும் படிக்கும்படி இருக்கக் கூடாது. அப்புறம் ஒரு முனையில் வேண்டுமென்றே தப்பான சாவியைப் போடுங்கள். லைன் செத்துப்போக வேண்டும். சாகாமல் ஓடினால் படி 6-க்குத் திரும்பிப் போங்கள்.

இந்தச் சோதனையை உரிமையாளரை அருகில் உட்கார வைத்துச் செய்யுங்கள். யார்டு முதலாளி திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் புரியலையே தம்பி" என்றார். "புரியக் கூடாதுங்க ஐயா, அதுக்குத்தான்" என்றேன்.

படி 8: தினமும் கவனிக்க வேண்டியவை

ஸ்விட்ச்சில் மேக்செக் கணக்கு எண்கள் இருக்கும். சரிபார்ப்பில் தவறிய ஃபிரேம், குறி இல்லாமல் வந்த ஃபிரேம், தாமதமாகவோ மறுபடியோ வந்த ஃபிரேம், இந்த மூன்றும் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். ஒன்று ஏறினாலும் காரணம் கேளுங்கள். சாவி மாற்றும் நேரத்தில் ஓரிரண்டு ஏறுவது வழக்கம்.

எஸ்எஃப்பி தனக்கு வரும் ஒளி அளவைத் தானே சொல்லும். அது காட்டும் எண் 3 டெசிபெல் வரை முன்பின் இருக்கலாம், அதனால் எண்ணை நம்பாதீர்கள், மாற்றத்தைக் கவனியுங்கள். வெயிலுக்கும் இரவுக்கும் கொஞ்சம் ஆடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சட்டென்று அரை டெசிபெல் இறங்கி அங்கேயே நின்றால், ஓடிடிஆரோடு போய்ப் பழைய வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். லைன் விட்டு வந்த ஒவ்வொரு தடவையும் நேரத்தோடு பதிவாகட்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், இணையத் தாக்குதல் போன்றவற்றை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் உத்தரவிட்டிருக்கிறது. சின்ன நிறுவனம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

கம்பத்து டப்பாவுக்குப் பூட்டு போட அனுமதி கேளுங்கள், கிடைக்காவிட்டால் உடைந்தால் தெரியும் ஒரு சீலாவது ஒட்டுங்கள். டிசம்பர் மழை முடிந்ததும் ஒரு முறை மறுபடி கேபிளோடு நடங்கள்.

படி 9: பழைய ஸ்விட்ச் வெளியே போகும்போது

மின்சாரம் எகிறிக் கெட்ட ஸ்விட்ச்சை மூலையில் போட்டு, ஒருநாள் மற்ற பழைய சாமான்களோடு காயலான் கடைக்கு எடை போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதன் நினைவகத்தில் சாவி அப்படியே இருக்கலாம். உயிரோடு இருக்கும் ஸ்விட்ச் என்றால் சாவியையும் அமைப்பையும் அழித்துவிட்டு, மறுபடி இயக்கி, அழிந்ததா என்று பாருங்கள். இயங்காத ஸ்விட்ச் என்றால் போர்டைக் கழற்றி நினைவகச் சிப்பை உடைத்த பிறகு கொடுங்கள். இரண்டில் எதுவானாலும் அன்று மாலையே இரண்டு முனையிலும் புதிய சாவி போட்டு, பீரோவில் இருக்கும் கவரை மாற்றிவிட்டு வாருங்கள்.